ஜத கேட்ட அக்கா

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருந்த சந்தில், ஒரே ஒரு கடையில் மட்டும் காசை நீட்டினாலும் பொருள் உடனே கைக்கு வராது. அந்தக் கடையின் கவுன்டரில் அவள் இருந்தாள். நீங்கள் போய் ஒரு போல்ட் கேட்டால் போல்ட்டைத் தேடி உள்ளே போகமாட்டாள். கவுன்டர் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, உங்களை ஏற இறங்கப் பார்த்து, "ஜத இன்னாண்ணா?" என்பாள். ஜத என்றால் ஜோடி. அந்த போல்ட் எந்த நட்டில் போய் உட்காரப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாது என்று சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். "கயட்டி எத்துக்கினு வா" என்று அனுப்பிவிடுவாள். வெயில், மழை, புரட்டாசிக் கூட்டம் எதற்கும் அவள் மசிந்ததில்லை.

அவள் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. வயதில் என்னைவிட ஒன்றிரண்டு சின்னவளாகத்தான் இருப்பாள். ஆனால் டாக்ஸி ஸ்டாண்டு மொத்தமும் அவளை அக்கா என்றது, நானும் அக்கா என்றேன். அவள் எங்கள் எல்லோரையும் அண்ணா என்றாள். இப்படி ஒருத்தரை ஒருத்தர் மூத்தவராக்கிக்கொண்டு அந்தக் கவுன்டரில் நாங்கள் போட்ட சண்டைக்கு அளவே இல்லை.

டிரைவர்கள் அந்தக் கடைக்கு வைத்த பெயர் ஜாதகக் கடை. "அக்கா, எட்டுப் பொருத்தம் இருந்தா போதும், குடுத்துடு" என்பான் ஒருவன். "பத்தும் பாத்தாதான் தாலி" என்று அவளும் விடமாட்டாள். ஒரு நாள் வேட்டி கட்டிய தெலுங்குப் பெரியவர் ஒருவர் ஸ்கூட்டருக்கு பிரேக் கேபிள் கேட்டு வந்தார். லீவர் எங்கே என்று கேட்டாள். லீவர் வண்டியில் இருக்கிறது என்றார். "அயித்தே பண்டினி தீஸ்குரண்டி" என்றுவிட்டாள், அப்படியானால் வண்டியைக் கொண்டு வாருங்கள் என்று. பெரியவர் அந்தச் சந்தே கேட்கத் திட்டிக்கொண்டு போனார். போனவர், உச்சி வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். பார்த்தால், எவனோ ஒருவன் அதில் வேறு வண்டியின் லீவரை மாட்டி வைத்திருந்தான். அவர் கேட்ட கேபிளைக் கொடுத்திருந்தால் நீளம் நாலு விரற்கடை குறைந்திருக்கும். பெரியவர் லீவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் வீட்டு மிக்ஸிக்கு வாஷர் வேண்டும் என்றாலும் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவார்.

கடை முதலாளி இவளை வைத்துக்கொண்டு எப்படித்தான் பொறுத்துப் போனார் என்று நான் யோசித்ததுண்டு. காரணம் கடைக்குள்ளேயே இருந்தது. மற்ற கடைகளில், சேரவில்லை என்று திரும்பி வரும் சாமான்களைப் போட்டு வைக்க ஒரு அலமாரி இருக்கும். இந்தக் கடையில் அந்த இடத்தில் சாமி படமும் விளக்கும் மணியும் இருந்தன.

அவள் பிறந்தது சத்தியவேடு பக்கம் ஒரு தமிழ் ஊர். படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். அதனால் சாப்பாடு, சண்டை, சிரிப்பு எல்லாம் தமிழில் வரும். இரும்பு, செம்பு, நீளம், அகலம் எல்லாம் தெலுங்கில்தான் வரும். எண்கள் மட்டும் இங்கிலீஷ். கூந்தலை டியூப்பில் வெட்டிய ரப்பரால் கட்டியிருப்பாள். வலது கட்டை விரல் நகம் எப்போதும் கறுத்தே இருக்கும். எந்தப் பழைய சாமானைக் கொடுத்தாலும் அந்த நகத்தால்தான் முதலில் வருடுவாள். தேய்ந்து போன பற்சக்கரம், பேரிங், புஷ் இதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தாள். எது எதோடு சேர்ந்து எப்படித் தேய்ந்தது என்று அதைப் பார்த்தே சொல்லுவாள். டீக்கடையிலும் அவளுக்கு இதே புத்திதான். பூரிக்குச் சாம்பார் ஊற்றினால் தட்டைத் திருப்பி நீட்டி, "இது இதுக்கு ஜத இல்ல" என்பாள். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு மசாலா எடுக்கப் போவான்.

அவளைப் பற்றி ஊர் பேசியது வேறு. கல்யாணமாகிப் போய் எட்டே மாதத்தில் திரும்பி வந்தவள் என்று பேசும். ஊருக்கெல்லாம் ஜோடி சேர்க்கிறவளுக்கு ஜோடி இல்லை என்று பேசும். மதராஸிலிருந்து வந்த சேல்ஸ்மேன் ஒருவன் இதை அவள் காதுபடவே சொல்லிச் சிரித்தான். அவள் ஒரு போல்ட்டை எடுத்துக் கவுன்டர் மேல் நிறுத்தினாள். "இத்த பாரு. நட்டு இல்லன்னாலும் இது போல்ட்டுதான். தப்பான நட்ட போட்டு முறுக்கினாதான் ஸ்க்ராப்பு" என்றாள். அவன் பையை மூடிக்கொண்டு போனான். ஏன் திரும்பி வந்தாய் என்று ஒரு தடவை டீக்கடைக்காரன் மனைவி கேட்டபோது மட்டும் பதில் சொன்னாளாம். "அங்க நான் இன்னா கேட்டாலும் பதில் சொல்றதுக்கு ஆள் இல்ல" என்றாளாம். அவ்வளவுதான் அவளுடைய கல்யாணக் கதை.

பல வருஷம் கழித்து நாயுடுபேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோருக்கு அவள் வேலைக்குப் போனாள். நேர்காணலில் அவர்கள் அவளிடம் மூன்று கேள்வி கேட்க, அவள் அவர்களிடம் முப்பது கேள்வி கேட்டதாகச் சொல்லுவார்கள். அது உண்மையோ பொய்யோ, எனக்கு நம்பிக்கைதான்.

இனி நான் அவளோடு சண்டை போட்ட கதைக்கு வருகிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் நகரி பக்கம். என் நைனா அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக் கூலிக்குப் போனவர். எங்கள் வம்சத்தில் சக்கரம் வைத்த ஒரு பொருளுக்கு முதன்முதலில் சொந்தக்காரன் ஆனவன் நான். அது ஒரு பழைய பெட்ரோல் கார். அதைத் திருப்பதி ஸ்டாண்டில் போட்டு மலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். புதுசு புதுசாகக் கார்கள் ரோட்டுக்கு வந்த காலம் அது. பளபளவென்று ஏசி வைத்த வண்டிகள் எங்கள் ஸ்டாண்டிலேயே வந்து நின்றன. ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்தது. வீட்டுக்கு ஒருத்தன் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். என் சித்தப்பா மகனும் அங்கே ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தான். இன்னொரு ஆள் வேண்டுமாம், விசா அனுப்பச் சொல்லட்டுமா என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம், முதல் பிள்ளை. போக எனக்குக் கொஞ்சமும் மனமில்லை. கார் மலை ஏறினால் நான் இங்கே இருக்கலாம், ஏறாவிட்டால் குவைத். என் பிழைப்பு இந்த ஒன்றில்தான் நின்றது.

கார் ஏறவில்லை. மேலே போகப் போக மூச்சு வாங்கும். கடைசி வளைவுகளில் ஆட்களை இறக்கி நடக்கவிட வேண்டியதாயிற்று. நடந்து வருகிறேன் என்று சாமிக்கு வேண்டிக்கொள்ளாதவர்களையும் என் கார் நடக்க வைத்தது. ரேணிகுண்டா ரோட்டில் இருந்த எங்கள் மெக்கானிக் இன்ஜினைத் திறந்து பார்த்து, கேம்ஷாஃப்ட் போய்விட்டது என்றார். இன்ஜினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. அதிலேயே ஒரு பல்வரிசை இருக்கும். அந்தப் பல் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருக்கும் சின்ன கியரைச் சுற்றும். அந்தச் சின்ன கியர் சரியாகச் சுற்றினால்தான் சரியான நொடியில் பொறி தட்டும். கம்பெனி தண்டு எங்கேயும் கிடைக்கவில்லை. மதராஸில் அலைந்து, வெளியே செய்த புதுத் தண்டு ஒன்றை வாங்கி வந்தேன். கம்பெனி தண்டைவிட நன்றாக இழுக்கும் என்றார்கள். பார்க்கவே அழகாக இருந்தது. மெக்கானிக் அதை மாட்டிவிட்டு, பழைய கியரும் மழுங்கிவிட்டது, புதுசு வாங்கி வா என்று அனுப்பினார்.

ஜாதகக் கடைக்குப் போனேன். கவுன்டரில் மூன்று டிரைவர்கள் நின்றிருந்தார்கள்.

"டிஸ்ட்ரிபியூட்டர் கியர் ஒன்னு குடுக்கா."

"ஜத இன்னாண்ணா?"

"கேம்ஷாஃப்ட்டுதான். வேற எத்தோட சேரும்?"

"கம்பெனி தண்டா, வெளித் தண்டா?"

"வெளி. புத்தம் புதுசு."

"போத இனுமா, உக்கா?"

வார்ப்பு இரும்பா, எஃகா என்று தெலுங்கில் கேட்கிறாள். அது எனக்கு எப்படித் தெரியும்? "பளபளன்னு கீது" என்றேன்.

"பளபளன்னு கண்ணாடி கூடத்தான் கீது. எத்துக்கினு வா, பாக்கணும்."

"இன்ஜினுக்குள்ள மாட்டியாச்சிக்கா. வண்டி தொறந்து கெடக்குது. ஓட்டின பழசு எதனா இருந்தாலும் பரவால்ல, குடுத்து அனுப்பு."

அவள் கூரையைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு கஞ்சு கியர்தாண்ணா சரியா வரும்" என்றாள்.

பக்கத்தில் ஒருவன் சிரித்தான். எதற்குச் சிரித்தானோ தெரியாது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பழசு கேட்டதற்காக என்னைக் கஞ்சன் என்கிறாள், அதுவும் நாலு பேர் எதிரில் என்றுதான் என் காதில் விழுந்தது. கூலிக்காரன் மகனாகப் பிறந்து கார் வைத்திருப்பவனுக்கு இந்த மாதிரி வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று சொல்லவேண்டியதில்லை. "உன் கியரும் வாணாம், உன் ஜதையும் வாணாம். ஜத இல்லாம நிக்கறவகிட்ட வந்து ஜத கேட்டேன் பாரு, என்னைத்தான் சொல்லணும்" என்றேன்.

அவள் கையிலிருந்த அளவுகோலை மேசைக்குள் வைத்து மூடினாள். நான் விடுவிடுவென்று அடுத்த கடைக்குப் போய், "இருக்கறதுலயே கெட்டியானது எதுவோ அத்த குடு" என்று கேட்டு வாங்கினேன். யார் கஞ்சன் என்று பார்த்துவிடலாம் என்ற வீம்பு.

மூன்று வாரம் கார் ராஜா மாதிரி ஏறியது. நானும் ராஜா மாதிரிதான் ஜாதகக் கடையைத் தாண்டிப் போனேன், ஹார்ன் வேறு அடித்துக்கொண்டு. நாலாவது வாரம் வேலூரிலிருந்து ஒரு குடும்பம், குழந்தைக்கு மொட்டை போட வந்தவர்கள், என் வண்டியில் ஏறினார்கள். பாதி மலையில் கார் இருமியது. பின்னால் 'டப் டப்' என்று வெடித்தது. குழந்தை கை தட்டிச் சிரித்தது. வளைவில் போய் நின்றதுதான், பிறகு அசையவில்லை. "மொதல்ல இந்த வண்டிக்கு மொட்ட போடுங்கய்யா" என்றார் குழந்தையின் தாத்தா. அவர்களை வேறு ஜீப்பில் ஏற்றிவிட்டு, பின்னால் வந்த அத்தனை வண்டிக்காரர்களின் பார்வையையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியைக் கட்டி இழுத்து இறக்கினோம். ஸ்டாண்டுத் தலைவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், புரட்டாசி பிறப்பதற்குள் வண்டி சரியாகாவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம் என்று.

மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரை மேலே உருவினார். கியரின் பல்லெல்லாம் கத்தி முனை மாதிரி தேய்ந்து கிடந்தது. "இதுக்குப் புத்தூர் கட்டு கூடப் போட முடியாது. நீ போய் அந்த ஜாதகக் கடை அக்காவ கேளு" என்றார். அன்று சாயங்காலமே பூத்துக்கு போன் வந்தது. விசா தயார், பத்து நாளில் மதராஸில் மெடிக்கல் என்றான் சித்தப்பா மகன். சரி என்று சொல்லிவிட்டேன். வண்டியை எப்படியாவது ஓடவைத்து மனைவியின் அண்ணனிடம் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

ராத்திரியோடு ராத்திரியாக இன்ஜினை இறக்கித் தண்டையும் கழற்ற வைத்து, மறுநாள் அதைச் சாக்கில் சுற்றி, தேய்ந்த கியரைப் பையில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். காலையில் முதல் ஆளாகப் போனேன், வேறு யாரும் இருக்கக்கூடாது என்று. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கியரை வாங்கி நகத்தால் வருடினாள்.

"எவன் குடுத்தான் இத்த?"

"நான்தான் கேட்டு வாங்கினேன்."

"அன்னிக்கே கஞ்சு போடுன்னு சொன்னனே."

"கஞ்சன்னு திட்டினன்னு நெனச்சேங்கா."

அவள் நிமிர்ந்தாள். "இன்னாது?" என்றாள். நான் மறுபடியும் சொன்னேன். அவள் உதடு துடித்தது. பிறகு கவுன்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. எனக்கு விளக்கிச் சொல்ல வந்தாள், வார்த்தை கிடைக்கவில்லை. கஞ்சுக்குத் தமிழில் என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. ஓடிப்போய்ச் சாமி படத்துக்கு முன்னால் இருந்த மணியை எடுத்து வந்து என் முகத்துக்கு நேராக ஆட்டினாள்.

"இத்த இன்னான்னு சொல்லுவீங்க உங்க ஊர்ல?"

"வெண்கல மணி."

"ஆங், அதான் கஞ்சு! வெண்கலம், வெண்கலம்!"

வெண்கல கியர் போடு என்று சொன்னவளைத்தான் நான் அந்தப் பேச்சு பேசியிருக்கிறேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "அன்னிக்கி நான் பேசினது தப்புக்கா" என்றேன்.

"தப்புதான்" என்றாள். ஒரு மூச்சு விட்டு, "தண்ட காட்டு" என்றாள்.

தண்டைச் சணல் கயிற்றில் கட்டி, என்னைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினாள். 'கணீர்' என்றது. "உக்கு. போத இனுமா இருந்தா டொக்குன்னு சொல்லும், இப்படிப் பாடாது" என்றாள். பிறகு தண்டின் பல்வரிசையை ஒவ்வொன்றாக நகத்தால் தொட்டுப் பார்த்தாள். தண்டு தப்பித்துவிட்டது, இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றாள். எஃகுத் தண்டுக்கு இரும்பு கியர் போட்டால் ஒன்றை ஒன்று தின்னும். மிருதுவான வெண்கலம் போட்டால், தேய்வதெல்லாம் அதோடு நின்றுவிடும்.

"தேயப் போறத போய் எதுக்குக்கா வாங்கணும்?"

"எதனா ஒன்னு தேஞ்சிதாண்ணா ஆவும். தண்டு தேஞ்சா இன்ஜின எறக்கணும். கியர் தேஞ்சா உருவி மாத்தறது ஒரு மணி நேர வேல. எது தேயணும்னு நீயே சொல்லு."

நான் தலையாட்டினேன். சரி, அதையே கொடு என்றேன். அவள் அளவு எடுக்கக் கையில் எடுத்த காலிப்பரை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"வண்டி யாரு ஓட்டுவா?"

"மச்சான் ஓட்டுவான். நான் குவைத்துக்குப் போறேன். விசா வந்துடுச்சி."

"அப்ப கஞ்சு தரமாட்டேன்."

"ஏன்க்கா, இப்பதான் அதான் ஜதன்னு சொன்ன?"

"தண்டுக்கு ஜத. ஓட்டறவனுக்கும் ஜத ஆவ வாணாமா? இன்ஜின் எண்ணெ மாத்தறப்ப எல்லாம் டிஸ்ட்ரிபியூட்டர உருவி இத்த பாக்கணும். எவ்ளோ தேஞ்சிக்கினு வருதுன்னு கண்ணு வெச்சிக்கினே இருக்கணும். உட்டா ஒரு நாளைக்கி மலையில நிக்கும். உன் மச்சான் பாப்பானா?"

நான் தலையைச் சொறிந்தேன். அவளே தொடர்ந்தாள். மெக்கானிக்கிடம் கிடக்கும் என் பழைய வார்ப்பு இரும்புத் தண்டின் தேய்ந்த மேடுகளை வெல்டிங்கில் ஏற்றித் தீட்டி, இரும்பு கியர் போட்டுத் தந்தால் வருஷக் கணக்கில் திறந்தே பார்க்க வேண்டாம், ஆனால் இழுவை இருக்காது, புத்தூருக்கும் நகரிக்கும் சமதரையில் ஓட்டலாம், மலைக்கு ஆகாது என்றாள். "ரெண்டும் நான் பண்ணித் தரேன். ரெண்டும் நல்லதுதான். நீ இருக்கியா, போறியா? அத்த சொல்லுண்ணா மொதல்ல."

ஒரு வருஷமாக எல்லோரும் என்னிடம் எப்போ போற, எப்போ போற என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏஜெண்டு கேட்டான், உறவுக்காரர்கள் கேட்டார்கள், ஸ்டாண்டில் கேட்டார்கள். இருக்கியா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கியரை விற்பதற்காக இவள் கேட்கிறாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். "சொல்லு. நான் இங்கதான் கீறேன்" என்றாள்.

அன்று மதியமே பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். மனைவி வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

"உங்க அண்ணன் அப்பப்ப பானெட்ட தொறந்து பாப்பானா?" என்று கேட்டேன்.

"எங்க அண்ணனா? அது சோத்துப்பான மூடியே தொறக்காது. யாராச்சும் போட்டுக் குடுத்தாதான் துன்னும்" என்று சிரித்தாள். எதற்குக் கேட்கிறாய் என்றாள். கடையில் நடந்ததைச் சொன்னேன். கடலை உரிக்கிற கை நின்றது.

"உனக்குப் போவணும்னு கீதா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குப் போற?"

"கார் ஏறலியே."

"அந்தப் பொண்ணு ஏறும்னுதான சொல்லுது. நீ பாத்துக்கினா ஏறும்னு சொல்லுது" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை மாதமாகப் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லாதவள் அவள். அன்றுதான் அவள் அழுததை நான் பார்த்தேன். நானும் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இருட்டுவதற்குள் பூத்துக்குப் போய் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா மகன் பைத்தியக்காரா என்று கத்தினான். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன்.

"இருக்கேங்கா" என்றேன்.

நல்லது என்றோ, சந்தோஷம் என்றோ ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காலிப்பரை எடுத்துத் தண்டின் பல்லை அளந்து ஒரு அட்டையில் எழுதினாள். சித்தூரில் பல் வெட்டுகிற லேத்துக்காரர் ஒருவர் அவளுக்குப் பழக்கம். அவருக்கு போன் போட்டாள். அளவைச் சொன்னாள், எந்தத் தண்டு, எந்த வண்டி, யார் ஓட்டுகிறார், எந்த ரோட்டில் என்று எல்லாவற்றையும் தெலுங்கில் சொன்னாள். கடைசியில், "ரெண்டு செய்யி" என்றாள்.

"ரெண்டு எதுக்குக்கா? வண்டி ஒன்னுதான?" என்றேன்.

போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் என்னை ஏற இறங்கப் பார்க்காமல் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"இருக்கேன்னு சொன்னல்ல? ஒன்னு இப்ப போட. இன்னொன்னு, அது தேஞ்சப்புறம் போட."

புரட்டாசி முதல் சனிக்கிழமை கார் நிற்காமல் மலை ஏறியது. முதல் கியர் தேய்ந்து முடிந்து நான் இரண்டாவதை மாட்டியபோது, என் மகள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.